முழங்கை வரைக்கும்

தங்கையின் பிரசவத்துக்காக என் வீட்டுக்காரி பத்து நாள் ஊருக்குக் கிளம்பினாள். பை தோளில் ஏறியும் வாய் ஓயவில்லை.

“புது லோடு வந்தா முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பாருங்க. சுட்டா தள்ளி வைங்க. சுடலன்னாலும் சட்டியில கொஞ்சம் எடுத்து, பத்துப் புழுவைப் போட்டு ஒரு நாள் பாருங்க. உள்ள போனா சரி. விளிம்புக்கு ஏறினா தொடாதீங்க.”

“எனக்குத் தெரியாதா?”

“தெரியும். செய்ய மாட்டீங்க. அதான் சொல்றேன்.”

கொட்டகையில் மூன்று சிமெண்டுத் தொட்டிகள். காகித ஆலையின் கழிவுச் சேற்றைச் சாணத்தோடும் வைக்கோலோடும் கலந்து போட்டால் மண்புழுக்கள் தின்று தேயிலைத்தூள் மாதிரி உரமாக்கிவிடும். நான் மூட்டை தூக்குபவன். புழுக்கள் அவளுடையவை. நான்கு வருடத்துக்கு முன் பெயிண்ட் டப்பாவில் கொண்டுவந்த ஒரு பிடியை மூன்று தொட்டியாகப் பெருக்கினாள். எறும்பு ஏறாமலிருக்கச் சுற்றிலும் தண்ணீர் வாய்க்கால் கட்டியதும் அவள்தான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. “என்னக்கா, பிள்ளைங்க சாப்பிட்டாச்சா?” என்று கொட்டகை வழியே போகும் ஆலைப் பெண்கள் கேட்பார்கள். “மூத்தது மட்டும் அடம் பிடிக்குது” என்று இவளும் சிரிப்பாள்.

நான்காம் நாள் லாரி வந்தது. டிரைவர் ஒரு சீட்டை நீட்டினான்.

“படிச்சுக்குங்கண்ணே. இல்ல, நான் படிக்கட்டா?”

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில், ஆலையின் மாலை வகுப்பில். சீட்டைப் பிடுங்கி, நின்று நிதானமாக வாசித்தேன். ‘இருபத்தொரு நாள் ஆறவைத்த கழிவு. நேரடியாக இடலாம்.’

“அடேங்கப்பா! அண்ணன் வக்கீலுக்குப் படிச்சிருக்காரு!”

கேலிதான். ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அச்சடித்தாற்போல் எழுதியிருக்கிறது, அப்புறம் கையை எதற்கு விட வேண்டும்? மூன்று தொட்டியிலும் நிரப்பி, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டேன்.

சீட்டு பொய் சொல்லவில்லை. ஆற்றுக்கு அப்பாலுள்ள ஆலைக் கிடங்கில் ஆறியதுதான். பாலம் பழுதாகி வழியில் மூன்று நாள் நின்ற லாரியில், தார்ப்பாய்க்குள் அது மறுபடி வெந்திருக்கிறது.

மறுநாள் காலையில் சாக்கு முழுக்கச் சிவப்பு, எல்லாம் புழுக்கள். கொத்துக் கொத்தாகச் சுவரில் ஏறியிருந்தன. ஏறித் தப்பியவை அவள் கட்டிய வாய்க்காலில் விழுந்து வெளுத்துக் கிடந்தன. இரண்டு கையாலும் அள்ளினேன். அள்ளி எங்கே போடுவது?

அவள் வந்தவுடன் பையைக்கூட இறக்கவில்லை. முதல் தொட்டியில் முழங்கை வரை கையை விட்டு வெகுநேரம் வைத்திருந்தாள்.

“கை விட்டுப் பாத்தீங்களா?”

“சீட்டுல போட்டிருந்துச்சு.”

“நான் சீட்டைக் கேக்கல.”

அவள் திட்டியிருக்கலாம். கையைக் கழுவிக்கொண்டு போனாள். மறுநாளே ஆலையில் காகிதம் பிரிக்கும் பகுதியில் சேர்ந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, மூன்றாம் தொட்டியின் ஈர மூலையில் நூல் நூலாக ஏதோ நெளிந்தது. வேகாமல் தப்பிய முட்டைகள் பொரிந்திருக்கின்றன. ஒரு வாரம் தீனி வைத்து வளர்த்து, அதே பெயிண்ட் டப்பாவில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். விரல் நீண்டது, பாதியில் நின்றது.

“கை விட்டுப் பாத்துத்தான் தீனி வச்சீங்களா?”

“முழங்கை வரைக்கும் விட்டுப் பாத்தேன். சட்டியிலயும் போட்டுப் பாத்தேன்.”

“அப்ப உங்களுக்கு வேலை வந்துடுச்சு. நீங்களே பாத்துக்குங்க.”

மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

இப்போது தினமும் நான்தான் சாக்கைத் தூக்கிப் பார்க்கிறேன். ஆலைப் பெண்கள் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த மூன்று தொட்டியில் எதை அவள் மூத்தது என்றாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் காலத்தில் நான் கேட்கவில்லை.