அண்ணனுக்கு அடுத்து மைக்

…சிரிக்கிறான் பார், மேடையில் உட்கார்ந்துகொண்டு, சுரங்கத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி, கல்லூரியில் எனக்கு மூத்தவன், அப்போதும் இதே சிரிப்புதான், பல் தெரியும், கண் சிரிக்காது, சுரங்கத்தை விரிவாக்குவது பற்றிப் பூர்வகுடிகளான எங்கள் கருத்தைக் கேட்கிறார்களாம், மலையில் பாதியை வெட்டித் தின்றாகிவிட்டது, இனி என்ன கேட்பது, மண்ணாங்கட்டி… இவன்தானே எனக்கும் அங்கே வேலை வாங்கித் தந்தான், வேதியியல் முடித்த கையோடு, ஆய்வுக்கூடம், வெள்ளைக் கோட்டு, ஏசி, எங்கள் ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து முதன்முதலாகச் சோதித்துப் பார்த்த அன்று என்ன பெருமை எனக்கு, பெருமையாம், செருப்பால் அடிக்க வேண்டும் என்னை. அந்தத் தண்ணீரில் ஈயம் இருந்தது, பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கிற விஷம். மேலாளரிடம் ஓடினேன், டீயை உறிஞ்சிக்கொண்டே, "மழை வந்தா சரியாயிடும்மா, அப்ப பாத்துக்கலாம்" என்றார், மழை வந்தது, சரியாகவில்லை, பிறகு சுரங்கத்துக்கு மேலே, ஓடை சுத்தமாக இருக்கும் இடத்தில் போய், அறிக்கையில் காட்டுவதற்காகப் பாட்டிலை நிரப்பி வரச் சொன்னார்கள், அன்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசியவள்தான்.

அதிலிருந்து ஓடையில் விஷம் என்று சொல்லி வீடு வீடாக ஏறி இறங்குகிறேன், எங்கள் ஆட்களே கதவைச் சாத்துகிறார்கள், "அங்க சம்பளம் வாங்கித் தின்னவதானே நீ, இப்ப என்ன புதுசா அக்கறை?" என்று அத்தை முகத்துக்கு நேரே கேட்டாள், எந்த வாயால் பதில் சொல்ல, மறுநாளும் போனேன், திட்டுவதற்காவது கதவைத் திறக்கட்டும் என்று… இன்று கூடம் நிறைந்துவிட்டது, அத்தைகூட முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, யாரை நம்புவது என்ற முறைப்போடு. மைக்கில் யார் அது… அண்ணனா? சுரங்கத்து லாரி ஓட்டுகிறவன், காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பினானே, இதற்குத்தானா? "சொரங்கம் நின்னா எங்க அடுப்பு எரியாதுங்க. என் தங்கச்சி படிச்சவ, எங்க போனாலும் பொழச்சுக்குவா. எங்களுக்கு என்ன இருக்கு? எங்க சோத்துல மண்ணப் போடவா இவள படிக்க வச்சேன்?" மேடையில் கைதட்டுகிறார்கள், தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், தங்கையை அடிக்க அண்ணனையே தேடிப் பிடித்திருக்கிறீர்களே… அடுத்து என்னைக் கூப்பிடுகிறார்கள்.

போகிறேன், ஈயத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன், எல்லாம் மனப்பாடம், மைக்கைப் பிடித்ததும் வாய் வேறெங்கோ போகிறது, "அண்ணா, உன் புள்ளைய எந்தத் தண்ணியில குளிப்பாட்டுற? ஓடைத் தண்ணியிலயா? இத்தன பேரு முன்னாடி சொல்லு." அவன் உதட்டை ஈரப்படுத்துகிறான். "சொல்லேன்டா!" அத்தைதான், எழுந்தே விட்டாள், அவளோடு வரிசை வரிசையாக எழுகிறார்கள், நாற்காலிகள் சரிகின்றன, அதிகாரியின் சிரிப்பு எங்கே போயிற்று, கூட்டத்தை ஒத்திவைக்கிறார்களாம், ஓடுங்கள், பின்வாசல் வழியாக ஓடுங்கள். அத்தையின் கை என் தோளில் விழுகிறது, கனமாக, முதல்முறையாக… ஜெயித்துவிட்டேன், இல்லையா? பின் ஏன் அண்ணன் அங்கேயே நின்று என்னைப் பார்க்கிறான்? லாரிக்காரர்கள் வீட்டுக்கு மட்டும் ராத்திரியில், ஊருக்குத் தெரியாமல், சுரங்கத்து வண்டியில் கேன் தண்ணீர் வருகிறது, பிள்ளை அதில்தான் குளிக்கிறது, அதே வீட்டில் இருக்கிற நானும் அதைத்தான் குடிக்கிறேன், இன்று காலையும் குடித்தேன், "நீயும்தானே குடிக்கிற" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கை என் தோளில் இருக்காது, இனி ஒரு கதவும் எனக்குத் திறந்திருக்காது. நுனிநாக்கு வரை வந்திருக்கும். முழுங்கிவிட்டான். எனக்காகவா?… அப்படி நினைத்தால் அவன்மேல் இருக்கும் கோபம் தணிய வேண்டும்தானே, இது ஏன் இன்னும் ஏறுகிறது?