கருவாடு இல்லாத தவக்காலம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். போன மாதம் என் டாக்டர் எனக்கு ரத்தக் கொதிப்பு என்றார். பத்து கிலோ குறையுங்கள் என்று ஒரு சாப்பாட்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார். அச்சடித்த சீட்டு. மதியம் மீன், இரவு மீன், ஞாயிற்றுக்கிழமை வேறு மீன். எனக்கு மீன் ஆகாது. ஒரு துண்டு உள்ளே போனால் உதடு தடித்து முகமே பணியாரமாகிவிடும். "மீன் இல்லாம ஒரு சீட்டு இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் நர்சைப் பார்த்து, "அடுத்தவங்களைக் கூப்பிடும்மா," என்றார்.

அந்தக் கோபத்தோடு வீட்டுக்கு வந்து, என் கொதிப்பைத் தூக்கி வேறொருவர் தலையில் வைத்தேன். அவர் பெயர் அம்புரோஸ். ஊர் ராயபுரம். வருஷம் 1957. மீன் இல்லாமல் இளைக்க வேண்டுமென்றால் மீனுக்கு நடுவிலேயே உட்கார்ந்து இளைக்கட்டும், பார்க்கலாம் என்ற அற்ப ஆசைதான் காரணம். அவரிடம் பிறகு மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

2

முதல் வரிக்கு மூன்று நாள் பிடித்தது.

"துறைமுகத்தில் சங்கு ஊதியபோது கதிரவன் தன் பொற்கிரணங்களை—" (வேண்டாம். ராயபுரத்தில் அந்த நேரத்தில் யாரும் கிரணத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.)

"அம்புரோஸ் குண்டாக இருந்தார். ஆனால் அவர் மனசு—" (இதுவும் வேண்டாம். குண்டான மனிதரைப் பற்றி எழுதும்போது அந்த 'ஆனால்' அசிங்கமாக இருக்கிறது.)

அம்புரோஸை மூட்டைத் தராசில் நிறுத்தினார்கள். (இது இருக்கட்டும்.)

துறைமுக ஆஸ்பத்திரியிலிருந்த சின்ன எடை மெஷினின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றுவிட்டது. அதனால் டாக்டர் லோகநாதன் அவரைக் கிடங்குக்கு அனுப்பினார். இருநூற்றுப் பதினெட்டு பவுண்டு. "கோதுமை மூட்டைக்கு ரெண்டே பவுண்டு கம்மி நைனா," என்று தராசுக்காரர் சொல்ல, கிடங்கே சிரித்தது. அம்புரோஸும் சிரித்தார். சிரிக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அம்புரோஸ் பத்தொன்பது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவர். கீழே அவருக்குப் பெயர் பீப்பா. அறுபதடி ஏணி ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெயர் கீழேயே நின்றுவிடும். மேலே அவர் கை மட்டும்தான். அந்தக் கை கப்பலுக்குள்ளிருந்து இருபது மூட்டைகளை ஒரே கட்டாகத் தூக்கி, முட்டையை வைப்பது போலத் தரையில் வைக்கும். அந்தக் கூண்டைவிட்டு இறங்குவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

திரும்பி வந்தவரின் கையில் டாக்டர் பட்டையைச் சுற்றிக் கொதிப்பைப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு.

"தலை சுத்துதா?"

"இல்ல சார்."

"ஒரு தரம் சுத்தினாலும் இறங்கிடணும். அப்புறம் ஏறக்கூடாது. கறி, நெய், உப்பு எல்லாத்தையும் குறைங்க. உங்க ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை வாங்க. நூத்தறுபதுக்குக் கீழ வரலைன்னா உங்களை கேட்டுல காவலுக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்."

3

அன்று செவ்வாய்க்கிழமை. மறுநாள் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் தொடக்கம். ஆண்டவரும் டாக்டரும் பேசிவைத்துக்கொண்டு செய்தது போல இருந்தது என்று அம்புரோஸின் மனைவி வியாகுலம்மாள் நினைத்தார். எப்படியும் தவக்காலம். வெள்ளிக்கிழமை மட்டும் விடுகிற கறியை இந்த முறை நாற்பது நாளும் விட்டுவிட்டால் போகிறது.

விட்டார்கள். கறி இல்லை, முட்டை இல்லை, நெய் இல்லை. காலையில் பழைய சோற்றுக்குச் சுட்ட கருவாடு. மதியம் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. வெள்ளிக்கிழமை ஒருவேளைதான் சாப்பாடு என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக நெத்திலிக் கருவாடு. கோயிலில் கறிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லையே.

(இவ்வளவு விவரம் தெரியாதவர்களாக இருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பிறகு என் சமையலறைக்குப் போய் வந்தேன். டாக்டர் ஊறுகாயை நிறுத்தச் சொன்னதிலிருந்து நான் ஊறுகாயைத் தொடுவதில்லை. அந்தக் குறை தெரியாமலிருக்க மதியம் நான்கு அப்பளம். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.)

மூன்று வாரம் கழித்து, எப்படி இருக்கிறதென்று பார்க்க டாக்டர் கூப்பிட்டார். எடை மூன்று பவுண்டு கூடியிருந்தது. கொதிப்பு இருநூற்று நாலு.

"என்னம்மா சாப்பிடறார்?"

"கறி, முட்ட ஒண்ணுமே கெடியாது சார். தவசு காலம். வெறும் கருவாடுதான்," என்றார் வியாகுலம்மாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் கருவாடா?"

"ஆமா சார். ஒடம்பு எளைச்சிப் போவக் கூடாதுன்னு கொஞ்சம் நெறையவே போடறேன்."

"கருவாட்டை எதுல போட்டும்மா காய வைப்பாங்க?"

"உப்புல." சொன்ன பிறகுதான் வியாகுலம்மாளின் காதில் அது விழுந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் அவரை அழவைத்தேன். நான் எழுதுகிற மனைவிகள் எதற்கெடுத்தாலும் அழுகிறார்கள் என்று தோன்றியதால் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். வியாகுலம்மாள் அழவில்லை. யோசித்தார்.)

"சரி, கருவாட்டை விடுங்க. பச்சை மீன் சாப்பிடட்டும், உப்பைக் குறைச்சு," என்றார் டாக்டர்.

"வேணாம் சார். அதுவும் வேணாம். மீன் கொழம்பு வச்சா இந்த மனுசன் அரப்படி சோறு துன்னுவாரு. மீன வுட்டாத்தான் சோத்த வுடுவாரு."

டாக்டர் படித்த புத்தகத்தில் இது இருந்திருக்காது. அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"தலை சுத்துதா?"

"இல்ல சார்," என்றார் அம்புரோஸ்.

4

இது பொய். அவர் டாக்டரிடம் மறைத்ததை நானும் உங்களிடம் மறைத்துவிட்டேன். எழுதாமலே விட்டுவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். சமையல் குறிப்பும் சிரிப்புமாகக் கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நடந்தது இது. அதற்கு முதல் நாள், முற்பகலில், கோதுமை மூட்டைக் கட்டு ஒன்று அந்தரத்தில் தொங்கும்போது அம்புரோஸின் கண்ணுக்கு முன்னால் கடலும் கரையும் ஒருதரம் சுழன்றன. கட்டுக்கு நேர் கீழே தாவூது நின்றுகொண்டிருந்தார். தாவூது கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவர். கட்டு இறங்கியதும் கொக்கியைக் கழற்றுவதும் அவர்தான். ஒன்பது வருஷமாக அம்புரோஸின் கிரேனில்தான் வேலை. வீடும் அடுத்த வீடு. அம்புரோஸ் பிடியை நிறுத்தி, பற்களைக் கடித்துக்கொண்டு ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டும் நேரம் கண்ணை மூடியிருந்தார். சுழற்சி நின்றது. கட்டை இறக்கினார். யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டரிடம் பொய் சொன்ன அந்த வாரமே சனிக்கிழமை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். தட்டியின் மறுபக்கம் சாமியார் முழுவதும் கேட்டார்.

"இத என்கிட்ட சொன்னது சரி. ஆனா, கொக்கிக்குக் கீழ நிக்கிறவர்கிட்டயும் சொல்லணும். அதுதான் உனக்கு அபராதம்," என்றார்.

அம்புரோஸ் கோயிலிலிருந்து நேராக அடுத்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். தாவூது முகச் சவரம் செய்துகொண்டிருந்தார். அம்புரோஸ் சொன்னார். முழுவதும் சொன்னார். தாவூது கத்தியைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"தெர்யும் அண்ணாத்தே. ஒன்பது வருசமா உன் கைய கீழ நின்னு பாத்துகினு கீறேன். அன்னிக்கி கட்டு அப்டியே நின்னுச்சி. நீ அப்டி நிறுத்தறவன் இல்ல."

"இன்னாத்துக்கு நீ கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." கன்னத்தின் மறுபக்கத்துக்குச் சோப்புப் போட்டார். "இனிமே கட்டு இறங்குற வரிக்கும் யாரும் கீழ நிக்க மாட்டோம். தள்ளி நின்னு சைக காட்டறேன். ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாக்கிழம டாக்டராண்ட நீ சொல்லிடணும். நான் சொல்ல மாட்டேன்."

இதையெல்லாம் உள்ளேயிருந்து தாவூதின் மனைவி சாபிரா கேட்டுக்கொண்டிருந்தார்.

5

மறுநாள் காலை சாபிரா வியாகுலம்மாளின் அடுப்படிக்கு வந்து, கேட்காமலே உப்புச் சாடியை எடுத்துப் பரண்மேல் வைத்தார்.

"இன்னா சாபிரா இது?"

"மேல கீறவருக்கு கொதிப்பு எறங்கினாத்தான்க்கா கீழ நிக்கிறவரு வூட்டுக்கு வருவாரு. இனிமே உன் வூட்டு அடுப்பு என் அடுப்பு," என்றார் சாபிரா.

அதற்குப் பிறகு நடந்த சமையலை நான் கொஞ்சம் ஆசையோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு துண்டு மீன் இல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், உப்புக்குப் பதில் புளித்த மோரும் தட்டிய இஞ்சியும். மதியம் இரண்டு கரண்டிச் சோறு, அதற்கு மேல் முருங்கைக்கீரையும் பாசிப்பருப்பும். சுரைக்காய்க் கூட்டு இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. புளிப்பும் காரமும் இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது என்பது சாபிராவின் கட்சி. ஏப்ரல் பிறந்ததும் அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் தவக்காலத்தோடு சேர்ந்துகொண்டது. சாயங்காலம் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது கறி போடுவதற்கு முன்பே ஒரு செம்பு எடுத்து, பூண்டும் புதினாவும் மட்டும் போட்டு உப்பில்லாமல் அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்.

முதல் வாரம் அம்புரோஸ் எல்லாவற்றையும் திட்டினார். "இது இன்னா, செவுத்துக்குப் பூசறதா?" என்று கேட்டார். மதியச் சாப்பாட்டு வேளையில் ராயபுரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் மீன் வறுக்கிற வாசனைதான். அதனால் தூக்குப் பாத்திரத்தோடு கிரேன் மேலே ஏறி, காற்று வாக்கில் உட்கார்ந்து சாப்பிட்டார். வாசனை எட்டாத இடம் அது ஒன்றுதான். கீழே தாவூது நோன்போடு நிழலில் படுத்திருந்தார். இவர் மேலே சுரைக்காயோடு உட்கார்ந்திருந்தார். யார் பாடு கஷ்டம் என்று இருவரும் கத்திப் பேசிக்கொண்டார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று மச்சான் யேசுதாஸ் காசிமேட்டிலிருந்து கை நிறையச் சங்கரா மீன் கொண்டுவந்தார். அப்போதுதான் வலையிலிருந்து எடுத்தது. அம்புரோஸ் அதைப் பார்த்தார். தொட்டுக்கூடப் பார்த்தார்.

"சாபிரா வூட்ல குடுத்துடு மச்சான். அவுங்களுக்கு சாயங்காலம் நோம்பு தொறக்க ஆவும்," என்றார்.

(இந்த இடத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

சுரைக்காய்க்கு ஒரு தித்திப்பு உண்டு என்பதை நாற்பத்தேழாவது வயதில் அவர் கண்டுபிடித்தார். பஸ்ஸை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தே போனார். ஈஸ்டருக்கு முந்தைய நாள், பெரிய சனிக்கிழமை, கிடங்குத் தராசில் ஏறி நின்றார். இருநூற்றெட்டு. தராசுக்காரர் கோதுமை மூட்டையைப் பற்றிப் பேசவில்லை. ஏணி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருந்தது. கூண்டுக்குள் உட்கார்ந்து வடக்கே திருவொற்றியூர்க் கரைவரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இதை விட்டுவிட முடியும் என்று அவருக்கு இன்னும் தோன்றவில்லை.

6

இனி முடிவு. என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதலாவதில் கொதிப்பு நூற்று ஐம்பத்தாறு. டாக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுக்கிறார். அம்புரோஸ் தலைசுற்றலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறுநாள் ஏணி ஏறுகிறார்— (இதை எழுதும்போதே பேனா தயங்கியது. நல்ல எண் வந்துவிட்டால் பழைய பொய் மெய்யாகிவிடுமா?)

இரண்டாவதில் நூற்று எழுபது. அவர் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளை— (இதில் கண்ணீர் அதிகமாகிவிட்டது. மேலும், அவர் பட்ட பாட்டுக்கு நான் ஒரு ஸ்டூலைக் கொடுப்பதா?)

இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை அம்புரோஸ் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். வெளியே பெஞ்சில் தாவூது உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிவரை கூடவே நடந்து வந்திருந்தார். டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் மேலே ஏறிற்று. காதில் குழாயை மாட்டிக்கொண்டு, திருகைத் தளர்த்துவதற்கு முன்னால் வழக்கம்போலக் கேட்டார்.

"தலை சுத்துதா?"

கேள்வியை இந்த இடத்தில் வைத்தது நான்தான். எண் தெரிந்த பிறகு உண்மை சொல்வது யாருக்கும் பெரிதில்லை. அம்புரோஸ் சன்னலைப் பார்த்தார். அங்கிருந்து அவர் கிரேனின் நுனி மட்டும் தெரிந்தது.

"ஒரு தரம் சுத்திச்சி சார். மார்ச்சு மாசம். கட்டு மேல இருந்தப்ப. அன்னிக்கி உங்களாண்ட பொய் சொன்னேன்."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்கப்புறம்?"

"இல்ல சார். கருவாட்ட வுட்ட நாள்லேந்து ஒரு தரம்கூட இல்ல."

வெளியே பெஞ்ச் கிறீச்சிட்டது. தாவூது எழுந்து வந்து வாசலில் நின்றார். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் திருகைத் தளர்த்தினார். பாதரசம் இறங்கத் தொடங்கியது.

அது எங்கே நிற்கும், டாக்டர் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நூற்றறுபதுக்குக் கீழே போட்டாலும் மேலே போட்டாலும் எனக்குச் சம்மதம். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் நகரா முரசு அடித்ததும் தாவூது தன் வீட்டில் உட்கார்ந்து நோன்பு திறக்கிறார். அடுத்த வீட்டில் அம்புரோஸ் தன் செம்புக் கஞ்சியைக் குடிக்கிறார்.

நாளை காலை பத்து மணிக்கு எனக்கு டாக்டரிடம் முறை. அவர் பட்டையைச் சுற்றுவதற்கு முன்பே அப்பளத்தைப் பற்றிச் சொல்லிவிடப் போகிறேன்.