ஏரி மண்ணு

பக்கத்து மனைய வாங்குன வினோத்து ஈரோட்டுக்காரன், ஐடி வேல. வாய்க்கு வாய் "அக்கா"ம்பான். ஆனா ஊடு கட்டுறேன்னு சொல்லி, ஏரில தூர் வாரின மண்ண லாரி லாரியா கொட்டி, மனைய என் ஜன்னல் உசரத்துக்கு ஏத்திட்டான் பாவி! மழ பேஞ்சா அந்தத் தண்ணி எங்க எறங்கும்? என் ஊட்டுக்குத்தான்.

"யோவ், தவழுற புள்ள கீதுய்யா உள்ள! தண்ணி பூந்தா அது கதி இன்னா?"ன்னு தெருவே கேக்கக் கத்துனேன். என் பேத்தி ரோஷினி அப்பதான் சொவத்தப் புடிச்சி நிக்கப் பழகுது.

"நீங்களும் வீட்ட உசத்திக்குங்கக்கா"ன்றான் கூலா. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! இந்தப் பாரிவாக்கத்துலயே பொறந்து வளந்தவ நானு. நேத்து வந்தவன் எனக்கு வழி சொல்றான்.

ஐப்பசி மழ கொட்டுச்சு. தெருத்தண்ணி என் கேட்டு வரைக்கும் வந்து நின்னுது. நான் தொடப்பத்தோட நிக்கிறேன். அப்படியே திரும்புச்சும்மா! ரோஷினி தவழுற மாதிரி தத்தித் தத்தி, அவன் மேட்டு மேல ஏறுச்சு.

மேட்டு மேல கொளம். கரை இல்ல, ஆனா ஒரு சொட்டு வழியல. அவன் மோட்டார் போட்டு எறச்சான். எறச்ச தண்ணி மறுபடியும் ஏறி வந்துச்சு. நான் உழுந்து உழுந்து சிரிச்சேன்.

மழ உட்டும் தண்ணி வடியல. பயந்துட்டான். ஜேசிபி வெச்சி மண்ணு மொத்தத்தையும் அள்ளி லாரில ஏத்துனான். லாரி கெளம்புச்சு. தண்ணியும் பின்னாலயே கெளம்புச்சு, காஞ்ச ரோட்டுல, பூந்தமல்லி பக்கமா. தெருவே வெளிய வந்து பாத்துது. எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. ஆனாலும் சனியன் தொலைஞ்சுதுன்னு நிம்மதியாத் தூங்குனேன்.

அடுத்த மழைக்கு தெருத்தண்ணி பூரா ஒழுங்கா கால்வாய்க்கு ஓடுச்சு. ஒரே ஒரு கீத்து மட்டும் பிரிஞ்சி என் படி ஏறுச்சு. தொடப்பத்தால தள்ளுனேன், வந்துச்சு. கோணி போட்டேன், கோணியச் சுத்திகினு வந்துச்சு. அடுப்பாங்கரைக்குப் போவல, ரூமுக்குப் போவல. நேரா கூடத்துல தொங்குற தூளிக்கு அடியில போய் நின்னுது.

புள்ளயத் தூக்கிகினு ரூமுக்கு ஓடுனேன். பின்னாலயே வந்துச்சு.

என் பொண்ணு அகல்யா மூஞ்சி வெளுத்துப் போச்சு. "அம்மா, நீ கடைக்குப் போற நேரத்துல அந்த மண்ணு மேட்டுலதாம்மா பாப்பாவ வெளாட உடுவேன். அள்ளி அள்ளி வாயில போட்டுக்கும். புள்ளைங்க மண்ணு திங்கிறது சகஜம்தானேன்னு உட்டுட்டேன்."

புள்ளய மாரோட இறுக்கிகினு கட்டில் மேல ஏறி நிக்கிறேன். தண்ணி கட்டில் கால்ல ஏறுது. ரோஷினி அதப் பாத்து கையத் தட்டிச் சிரிக்கிது.

அவன் மண்ண அள்ளி லாரில அனுப்பிட்டான். ஐயோ தெய்வமே, நான் இன்னாத்த அள்ளுவேன்?