என் மாமியார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி

எனக்கும் வள்ளித்தாய்க்கும் கல்யாணமாகி வருடம் பல ஓடியும், என் மாமியார் சுப்புத்தாய் என்னிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. மருமகன் முன்னால் மாமியார் நின்று பேசக்கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். மாமனார் கருப்பணன் இறந்த பிறகு மாமியார் திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இருப்பது இரண்டு அறை. நான் ஒன்றுக்குள் வந்தால் அவர் மற்றதற்குப் போய்விடுவார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவிடம் சொல்வார். "குழம்பு சூடா இருக்குன்னு சொல்லு" என்பார். கதவு வந்து என்னிடம் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து சலித்துக் கலக்குகிறவன். சாயங்காலம் குளித்தால் தண்ணீர் கருப்பாக ஓடும். மூக்கைச் சிந்தினால் கருப்பு, காறித் துப்பினால் கருப்பு. 2006-இல் தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்தது. காலையில் வெறும் வயிற்றோடு ஓடுவேன். மருந்து நெடியில் தலைவலி மண்டையைப் பிளக்கும். பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைவேன். தலைவலி போனது, மேல்வயிற்றில் எரிச்சல் வந்து குடியேறியது. வயிறு காலியானால் எரியும், எதையாவது தின்றால் அடங்கும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் பொரிகடலை இருக்கும். கூட வேலை பார்த்த பயல்கள் எனக்குச் சாப்பாட்டு ராமன் என்று பேர் வைத்தார்கள். வயிறு எரிகிறவனுக்கு வைக்கிற பேரா அது?

தீபாவளி முடிந்து கம்பெனியைப் பூட்டினார்கள். மருந்து நெடி இல்லை, ஆனாலும் பழக்கதோஷத்தில் மாத்திரை நிற்கவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஒரு நாள் காலையில் கருவேலங்காட்டுப் பக்கம் போய்விட்டு வந்து வள்ளித்தாயிடம் விளையாட்டாகச் சொன்னேன், இரண்டு நாளாக வெளிக்குத் தார் மாதிரி போகிறது, சீசன் முழுக்கத் தின்ற கரிமருந்து இப்போதுதான் இறங்குகிறது என்று. அவள் சிரித்தாள். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள். உடம்பிலிருந்து எது கருப்பாக வந்தாலும் அதைக் கம்பெனி கணக்கில் எழுதிவிடுவது எங்கள் பழக்கம்.

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. மாமியார் வெளியே வந்து என் எதிரில் நின்றார். கதவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"மருமகனே, பிசுபிசுன்னு ஒட்டுதா? நாத்தம் தாங்கலையா?"

எங்களுக்குள் முதல் பேச்சு இதுதான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"கம்பெனி பூட்டி ரெண்டு மூணு வாரமாச்சு. தொடாத மருந்து எங்கன இருந்து எறங்கும்? ஒங்க மாமாவும் இதத்தான் சொன்னாக. மறுநா ரத்தமா வாந்தி எடுத்தாக. அன்னைக்கு எனக்குக் கேக்கத் தெரியல. கெளம்புங்க."

வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேனே என்று இழுத்தேன்.

"ஆத்தா எங்கனயும் போயிற மாட்டா. நீங்க போயிருவீக."

விருதுநகர் பஸ்ஸில் ஒரு பக்கம் வள்ளித்தாயும் ஒரு பக்கம் அவருமாக என்னைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் சரிந்துவிட்டேன். ரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்குகிற இடத்தில் புண் இருப்பதாக டாக்டர் சொன்னார். ஒரு கிருமி அரித்து வைத்த இடத்தை, வெறும் வயிற்றில் போட்ட மாத்திரைகள் இன்னும் ஆழமாகத் தோண்டி ரத்தக் குழாயை எட்டிவிட்டனவாம். உள்ளே கசிகிற ரத்தம் குடல் வழியே இறங்குவதற்குள் செரித்துக் கருத்துவிடுமாம். அதே குழாய் வழியாக ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள். கிருமிக்கும் புண்ணுக்கும் மாத்திரை எழுதித் தந்தார்கள். தலைவலி மாத்திரை பக்கமே போகக்கூடாது என்றார்கள்.

இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம், யார் கண்டுபிடித்தது என்று டாக்டர் கேட்டார். என் மாமியார் என்று பெருமையாகச் சொல்லித் திரும்பிப் பார்த்தேன். நான் திரும்புவது தெரிந்ததும் அவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய வழக்கத்துக்கே போய்விட்டார். "அத்தை, நீங்க இல்லன்னா இன்னைக்கு நான் இல்ல" என்று கைகூப்பினேன். அது போதாது என்று எனக்கே தெரியும். அந்த நன்றி சொல்லித் தீராது. அவர் அடுப்படிக்குள் ஓடிவிட்டார்.

ஆனால் தினமும் காலையில் நான் காட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது கதவுக்குப் பின்னால் நிற்பார். "என்ன நெறம்னு கேளு" என்று கதவிடம் சொல்வார். "மஞ்சதான் அத்தை" என்று நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன். வள்ளித்தாய் தலையில் அடித்துக்கொள்வாள். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் அவர் அன்றைய காபியை வாயில் வைக்கிறார் என்று ஒரு நாள் அவள்தான் எனக்குச் சொன்னாள். அதிலிருந்து நான் காலையில் சீக்கிரமே எழுந்துவிடுகிறேன்.