யன்னலுக்குக் கீழே ஒரு கோடு

பெட்டியின் கால்மாடு வாசல் நடையின் சுவரில் இடித்ததும் தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். "பின்னுக்கு எடு, பின்னுக்கு எடு" என்று கத்தினார் சித்தப்பா கனகரத்தினம். பின்னுக்கு எடுத்துச் சரித்தார்கள். இப்போது தலைமாடு மற்றச் சுவரில் இடித்தது. பெட்டியை மறுபடியும் ஹோலுக்குள் கொண்டுவந்து நீள மர வாங்கில் வைத்தார்கள்.

பெட்டிக்குள் கிடந்தவர் கௌசிகாவின் அப்பா பிரகலாதன். அன்புவழிபுரத்தில் பாதி வீடுகளுக்குப் பிளான் கீறியவர். சொந்த வீட்டுக்கும் அவர்தான் கீறினார். தெருவில் போகிறவன் கண் உள்ளே விழக்கூடாது என்று வாசலுக்கும் ஹோலுக்கும் நடுவே ஒடுங்கிய நடை ஒன்றை மடக்கி வைத்தார். கட்டடக்கலை படிக்கப் போன முதல் வருஷமே கௌசிகா அதைப் பிழை என்றாள். ஒரு சோபாகூட உள்ளே வராது என்றாள். "நிமிர்த்தினா வரும்" என்று அவர் கதையை முடித்துவிட்டார்.

இன்று காலை பெட்டியும் நிமிர்ந்துதான் வந்தது. வெறும் பெட்டி, நட்டுக்கு நிறுத்திச் சுழற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆளை வைத்த பிறகு எப்படி வெளியே போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தனக்கும் தோன்றாமல் போனதுதான் கௌசிகாவுக்கு வெட்கமாக இருந்தது.

"கொஞ்சம் நிமிர்த்திப் பிடிச்சா வந்திடும்" என்றார் சித்தப்பா.

"அந்த மனுசனை நட்டு வைக்க விடமாட்டன்." அம்மா புஸ்பராணியின் அழுகை நின்றிருந்தது. "ஆளை வெளியில தூக்கிக் கையில கொண்டுபோகவும் ஏலாது. பெட்டிக்க வச்சா வச்சதுதான்."

"பின்னால குசினி வாசல் இதைவிட ஒடுக்கம். அப்ப யன்னலாலதான் எடுக்கவேணும், அண்ணி."

"கள்ளன் மாதிரியோ?"

சித்தப்பா கௌசிகாவைத் திரும்பிப் பார்த்தார். "நீ படிச்சனிதானே பிள்ளை, ஒரு வழி சொல்லன்."

இந்த வீட்டைப் பற்றி ஒருவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"யன்னலைக் கழட்டிப்போட்டுக் கீழ்ச்சுவரை நிலம் வரைக்கும் வெட்டுவம்" என்றாள். "பிறகு அது யன்னல் இல்லை, வாசல்."

அம்மா போய் யன்னல் திரைச்சீலையைக் கழட்டினாள்.

கிண்ணியாவிலிருந்து செத்தவீட்டுக்கு வந்திருந்த மேசன் றிஸ்வி, அப்பாவின் பிளான்களை வைத்து எத்தனையோ வீடு கட்டியவர். மோட்டார் சைக்கிளில் கிடந்த சுத்தியலையும் உளியையும் எடுத்துவந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "வெட்டலாம் மகள். நேரா ஒரு கோடு போட்டுத் தாங்க. கோடு இல்லாம அடிச்சா பூச்சுக் கண்டபாட்டுக்குக் கழண்டு விழும்."

ஆளைக் கிடத்த இடம் வேண்டுமென்று அப்பாவின் மேசையையும் சாமான்களையும் நேற்றே அயல் வீட்டுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். வீட்டில் மிஞ்சியது கண்ணாடி அலுமாரியில் இருந்த ஒரே ஒரு பென்சில்.

சிங்கப்பூருக்குப் போனபோது கௌசிகா வாங்கிவந்தது. ஏதோ ஒரு கோபுரக் கட்டடத்தைப் பார்த்துச் செய்தது. ஆறு பக்கமும் அடியிலிருந்து நுனிவரை மெல்ல முறுகி ஏறும். கொஞ்சம்தான் செய்தார்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண் பொறித்திருக்கும். அப்பா அதை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். "இது கீறுறதுக்கில்லை பிள்ளை. வச்சுப் பாக்கிற சாமான்" என்று அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். பக்கத்தில் நின்ற மகளையும் அப்படியே காட்டுவார், "மகள் ஆர்க்கிடெக்ட்" என்று. ஒரு பிளானைக்கூட அவள் கையில் தந்ததில்லை. பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை, ஆனால் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

கௌசிகா அலுமாரியைத் திறந்து பென்சிலை எடுத்தாள். குசினிக் கத்தியை எடுத்துவந்து அதைச் சீவத் தொடங்கினாள்.

"அது அப்பாட..." என்றாள் அம்மா.

"தெரியும் அம்மா."

பெட்டியின் அகலத்தைக் கயிற்றால் அளந்தாள். இரண்டு பக்கமும் தூக்குகிறவர்களின் கைக்கு இடம் விட்டாள். றிஸ்வி மட்டப்பலகையைப் பிடிக்க, யன்னல் நிலையிலிருந்து தரைவரை கோடு இழுத்தாள். வெள்ளைச் சுவரில் கோடு கன்னங்கரேலென்று, கரகரப்பில்லாமல் இறங்கியது. நல்ல பென்சில்தான். ஒருநாளாவது கீறிப் பார்த்திருக்கலாமே இந்த மனுசன் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டாவது கோட்டையும் இழுத்தாள்.

றிஸ்வி யன்னலைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்கத் தொடங்கினார். தூசி படாமல் சித்தப்பா பெட்டிக்கு மேலே ஒரு வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கல் கோடு வரைதான் பெயர்ந்தது. பிரகலாதன் படுத்தபடியே, கால் முன்னே, எங்கும் இடிபடாமல் வெளியே போனார். பறை கேட்டது. பெண்கள் தெருப் படலை வரைக்கும் போய்த் திரும்பிவந்து ஹோலைக் கழுவினார்கள்.

அம்மா ஈரத் தரையில் அந்தத் திறப்பைப் பார்த்தபடி இருந்தாள். ஹோலிலிருந்து தெரு தெரிந்தது. நிலாவெளி பஸ் போனது.

"இதை எப்ப அடைக்கிறது?" என்றாள்.

"நீங்கள் சொல்லுங்கோ."



பின்னேரம் சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அயல் வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது, பிறகு சோறு வந்தது. இருட்டுப்படும் நேரம் கௌசிகா விளக்கைப் போட வெளியே வந்தாள். வெட்டிய சுவருக்கு முன்னால் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. முன்வாசலில் ஒரு சோடிகூட இல்லை.