பாஸ்கோவின் பிளைண்ட்

அந்த ஞாயிறு மதியம் வயாலா நகரில் நாற்பத்திரண்டு டிகிரி வெயில். பப்பின் பின்னறையில் போக்கர் மேசையில் நான்கு பேர் மிச்சம். ஜெயிப்பவருக்கு அடிலெய்டு இறுதிப் போட்டியில் இடம். கெர்ரின் மூன்று வருடமாக இந்த மேசைவரை வந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

இந்த முறையும் அவளிடம் இருந்தது பந்தயச் சில்லுகளின் சின்ன அடுக்குதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர், முறை வைத்து, சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே சில்லு வைத்தாக வேண்டும். அதுதான் பிளைண்ட். பெரியது ஒன்று, அதில் பாதி ஒன்று. அவளுடைய சில்லுகள் ஏழு பெரிய பிளைண்டுக்கு வரும். அந்த நிலையில் நிதானமான ஆட்டம் என்று எதுவும் கிடையாது. சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். அல்லது இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளலாம்.

அவளுக்கு இடப்பக்கம் பாஸ்கோ. உருக்காலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேசையிலிருந்த சில்லுகளில் பாதி அவருடையது. அவர் எழுந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்."

"போங்க, போங்க," என்றான் எதிரிலிருந்த டாரில். "அந்த மலையை வச்சுக்கிட்டு நீங்க ஒரு தூக்கமே போட்டுட்டு வரலாம்."

சிரித்தார்கள். பெரிய அடுக்குக்காரர்கள் நடுவில் எழுந்துபோய்ப் புகைப்பது வழக்கம். ஆள் இல்லாவிட்டாலும் சீட்டு போடுவார்கள், அவர் பிளைண்டை அவர் அடுக்கிலிருந்தே எடுத்து வைப்பார்கள், அவர் சீட்டைக் கவிழ்ப்பார்கள். மலையில் நாலு கல் குறைந்தால் தெரியாது.

பாஸ்கோவின் சிகரெட் பெட்டி சில்லுகளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கெர்ரின் அதைப் பார்த்தாள்.

அவர் பின்னால் எழுந்து போகலாம் என்று நினைத்தாள். இரண்டு சுற்று வெளியே இருந்தால் அவள் அடுக்கில் பாதி போய்விடும். அதன்பிறகு தள்ளினாலும் யாரும் பயப்பட மாட்டார்கள்.

உட்கார்ந்திருந்தாள்.

பெரிய பிளைண்ட் பாஸ்கோவின் முறை. ஆட்டத்தை நடத்திய வின்ஸ் எடுத்து வைத்தார். டாரில் கவிழ்த்தான். அவனுக்கு அடுத்திருந்த நூலகர் ஹெத்தரும் கவிழ்த்தாள். கெர்ரினிடம் ஒன்பதும் மூன்றும். எல்லாவற்றையும் தள்ளினாள். எதிர்க்க ஆள் இல்லை. பாஸ்கோவின் பிளைண்ட் அவளுக்கு வந்தது.

"காலி நாற்காலிகிட்ட புடுங்கறியே மகராசி, வெக்கமா இல்ல?"

"நீயா இருந்தா விட்டுருவியா டாரில்?"

"விடமாட்டேன். வயிறு எரியுது, அதான் கேக்கறேன்."

அடுத்த சுற்றிலும் அப்படியே எடுத்தாள். அடுக்கு வளரவில்லை. தேயவும் இல்லை.

"பாஸ்கோவை இன்னும் காணோமே," என்றாள் ஹெத்தர்.

"ஒரு சிகரெட்டோட அவரு நிறுத்தினா பார்த்திருக்கியா?" என்றான் டாரில்.

கெர்ரின் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். சீட்டு வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் முறை பாஸ்கோவின் பிளைண்ட் வந்தபோது டாரில் முந்திக்கொண்டு பந்தயத்தை ஏற்றினான். கெர்ரினிடம் இரண்டு எட்டு. தள்ளினாள். அவன் துணிந்து ராஜாவையும் ஜாக்கியையும் திருப்பினான். மேசையில் விழுந்த ஐந்து பொதுச் சீட்டில் ராஜாவும் இல்லை, ஜாக்கியும் இல்லை. எட்டு ஜோடி ஜெயித்தது.

"நாசமாப் போ," என்று சில்லுகளைத் தள்ளிவிட்டான்.

அவள் அடுக்கு இரண்டு மடங்காகியது. எழுந்தாள்.

"எங்க போற?"

"பாஸ்கோவைப் பாத்துட்டு வரேன்."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

கார் நிறுத்துமிடத்தில் அவர் வண்டிக் கதவு திறந்திருந்தது. ஒரு கால் வெளியே தரையில். கையைத் தொட்டாள். வெயிலில் சூடாக இருந்தது. அதனால் ஒன்றும் தெரியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை சாய்ந்தது. வின்ஸைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் அவரைத் தரையில் கிடத்தி மார்பை அழுத்தினாள். வெகுநேரம் அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, கெர்ரினிடம் வந்தாள்.

"எப்ப வெளிய வந்தாரு?"

"அவரு பிளைண்ட் மூணு தடவை வந்துச்சு."

"நிமிஷத்துல சொல்லுங்க."

கெர்ரின் யோசித்தாள். அவளுக்குச் சீட்டுகள்தான் நினைவுக்கு வந்தன.

"முதல்ல எனக்கு ஒன்பதும் மூணும் வந்துச்சு," என்றாள். "அப்பவே வந்திருக்கணும்."