தலைமாட்டுத் துண்டு

"சோத்துல வெஷம் வெச்சிட்டா" என்று ஆராயி, தங்கள் ஊரான அடி அண்ணாமலையில் வண்டி ஏறும்போதே ஆரம்பித்தாள். மகன் இருசப்பனைத் திருவண்ணாமலை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் ஓயவில்லை. அது 1978 ஆவணி. வேர்க்கடலைக் கொல்லையில் பூச்சிமருந்து அடிக்கும்போதுதான் அவன் நுரை தள்ளி விழுந்தான். அதை ஊரே பார்த்தது. ஆனால் காலையில் கூழ் ஊற்றிக் கொடுத்தவள் மருமகள் கன்னியம்மாளாயிற்றே. மாமியாருக்கு அது போதும்.

டாக்டர் சக்கரபாணி பொறுமையாகத்தான் சொன்னார். "நரம்புலேர்ந்து நரம்புக்கு சேதி கொண்டுபோக ஒரு ரசாயனம் இருக்கும்மா. சேதி சொன்னதும் உடம்பே அதை அழிச்சிடும். இந்தப் பூச்சிமருந்து அழிக்க விடாது. அது சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கும். அதான் எச்சில் நிக்கல, சதை துடிக்குது. தோல் வழியாவே ஏறியிருக்கு."

சொன்னதையே சொல்வதில் மாமியாரும் அந்த ரகம்தான் என்று கன்னியம்மாள் கசப்போடு நினைத்துக்கொண்டாள்.

நர்ஸ் அவன் துணிகளைக் கழற்றி உடம்பைக் கழுவினாள். துணிகளை வாங்கக் கன்னியம்மாள் கை நீட்டினாள். ஆராயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "எம்புள்ள துணியத் தொடாத."

ஊசி மேல் ஊசி போட்டதில் சாயங்காலம் நுரை நின்றது. சுருங்கியிருந்த கண்பாவை விரிந்தது. மறுநாள் காலையில் மறுபடி எச்சில், மறுபடி துடிப்பு.

"இவதான் கஞ்சி குடுத்தா. இங்கியும் வெச்சிட்டா. நான் போலீஸுக்குப் போறேன்" என்றாள் ஆராயி. வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர்கூட ஒரு கணம் கன்னியம்மாளை உற்றுப் பார்த்தார். புருஷனும் போய், கொலைகாரி என்ற பேரும் மிஞ்சும் என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் வாயைத் துடைக்கக் குனிந்தாள். குப்பென்று பூச்சிமருந்து நெடி. கழுவிய உடம்பில் ஏது நெடி? தலைக்கடியில் கைவிட்டாள். ஆஸ்பத்திரியில் தலையணை கிடையாது. மருந்து அடிக்கும்போது அவன் தலைப்பாகை கட்டியிருந்த துண்டைத்தான் ஆராயி மடித்து வைத்திருந்தாள். அது இன்னும் பிசுபிசுத்தது.

டாக்டர் மோந்து பார்த்துவிட்டுத் தூர வீசச் சொன்னார். தலையையும் கழுத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி ஊசி போட்டார்கள். ஆராயியே அந்தத் துண்டை எடுத்துக்கொண்டுபோய் வீசிவிட்டு வந்தாள்.

உச்சிவேளையில் இருசப்பன் கண் திறந்தான். ஊசி மருந்தால் நாக்கு வறண்டிருந்தது. "தண்ணி" என்றான்.

கன்னியம்மாள் கொண்டுவந்த தண்ணீர் டம்ளரைப் பிடுங்க ஆராயி கை நீட்டினாள். கன்னியம்மாள் கொடுக்கவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்:

"அந்தாண்ட போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க அத்தை. வெஷம் உங்க கையிலதான் இருக்குது."